கம்ப்யூட்டரைப் புதுப்பித்த வெள்ளிக்கிழமை

முரளி,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. அம்மா சௌக்கியம். நீ ஷார்ஜா போய்ச் சேர்ந்த செய்தியை எதிர்வீட்டு போனில் சொன்னபோது நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "அப்பாகிட்ட குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். உனக்கு போன் செலவு ஏறக்கூடாதென்று நினைக்கிறேன் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். காரணம் அது இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாலு வருஷமாகச் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்று சொல்கிற விஷயமும் இல்லை. வெளிநாடு போன பிள்ளைக்கு அப்பன் எழுதும் முதல் கடிதத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்றெல்லாம் இருக்க வேண்டும். அதை அம்மா தனியாக எழுதுவாள். இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி.

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜில் சேர்ந்த வருஷம். குரோம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடினார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்த பழைய 286 கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினோம். மானிட்டரை நீ மடியில் வைத்துக்கொண்டாய், பெட்டியை நான் வைத்துக்கொண்டேன். இரும்புலியூர் வரும்வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நான் "ஐயோ, ஐயோ" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா அதற்குப் பழைய புடவையில் உறை தைத்தாள். செருப்போடு அந்த அறைக்குள் நுழையக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். அதைத் தொட எனக்குப் பயம். ஆனால் ஆபீஸில் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் "நம்ம வீட்டு கம்ப்யூட்டர்" என்று ஆரம்பித்துவிடுவேன். தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசுவது எனக்கு நாள்பட்ட வியாதி. நீ சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரிடமே மருந்தின் பெயரைச் சொல்லி, "அப்ப நீங்களே பாத்துக்கோங்களேன் சார்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அன்றைக்கே திருந்தியிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியில் நீ தமிழை வரவழைத்தாய். இதை நான் உன்னிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகளாக முதல் முறை "அ" வந்தபோது நீ அம்மாவைத்தான் கூப்பிட்டாய். நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷம் அதே வேலையாக இருந்தாய். "ஞ"வுக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. சுழி சரியாக வரவில்லை என்று சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாய். எழுத்து எல்லாம் வந்ததும் அதில் தட்டச்சு செய்யவும் அச்சடிக்கவும் புரோகிராம் எழுதினாய். மேற்குத் தாம்பரத்தில் அச்சகம் வைத்திருந்த தேவராஜ் ஒருநாள் வீட்டுக்கே வந்து அதைப் பார்த்தார்.

"தம்பி, கல்யாணப் பத்திரிகை முழுசும் இதுல அடிக்க முடியுமா? தீபாவளிக்குள்ள ரெடி பண்ணிட்டா தை மாச சீசனுக்கு நான் மெஷின் வாங்கிப் போட்டுடறேன். நீயும் கூட வந்து உக்காரு. சம்பளத்துக்கு இல்ல, பார்ட்னரா," என்றார். உன் முகத்தை அன்று பார்த்தது போல நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பெட்டி பழசு என்பதுதான் ஒரே தடங்கல். ஒரு பக்கம் அச்சாவதற்குள் ஒரு ஆள் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "அப்பா, உள்ள இருக்கறத மட்டும் மாத்திட்டா போதும். பெட்டி, மானிட்டர், கீபோர்டு எல்லாம் இதுவே இருக்கட்டும்," என்று நீ கேட்டாய். நான் உடனே சரி என்றேன். என் வாழ்க்கையில் நீ கேட்டதற்கு நான் உடனே சரி என்றது அது ஒன்றுதான்.

பல்லாவரத்தில், சந்தைக்குப் போகிற ரோட்டில் கடை வைத்திருந்த பாஷா பாயைக் கண்டுபிடித்தது நான். ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்ன ஆள். கை சுத்தம், பேச்சு குறைவு. எதையெல்லாம் மாற்றுவது என்று பேச உன்னையும் ஒரு தடவை கூட்டிப்போனேன். பழைய சாமானை எடுத்துக்கொண்டு அதற்கு ஏதோ கழித்துக்கொள்வதாகச் சொன்னார். விஜயதசமி வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு வீட்டுக்கே வந்து மாற்றித் தருவதாக ஏற்பாடு. நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "அப்பா, ஹார்டு டிஸ்க்கையும் மாத்தறாங்க. அதுலதான் எல்லாம் இருக்கு. பழைய ஃபிளாப்பி எல்லாம் மழையில பூஞ்சை பிடிச்சுடுச்சு. புதுசா வாங்கிட்டு வந்து நான் காப்பி எடுத்த அப்புறம்தான் அவரு கைய வைக்கணும்." நான் தலையாட்டினேன். நீ சொன்னது எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வயரிங் மாற்றினால் பீரோவில் இருக்கும் துணி எங்கே போகும் என்பதுதான் என் அறிவு. பெட்டி நம் பெட்டி, திரை நம் திரை. எழுத்து மட்டும் எப்படிப் போகும்?

வியாழக்கிழமை சரஸ்வதி பூஜை. நீ ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஃபிளாப்பி வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்தாய். அதற்குள் நான் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே உன் புத்தகங்களை அடுக்கிப் பூப்போட்டுவிட்டேன். "அப்பா, ஒரு மணி நேரம் போதும், காப்பி எடுத்துட்டு மறுபடி அப்படியே வெச்சுடறேன்," என்றாய். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்று கத்தினேன். அம்மா கூட, "அவன்தான் சொல்றானே, சாமிக்குத் தெரியாதா?" என்றாள். அவளையும் அதட்டினேன். பாய் பதினொன்றுக்குத்தானே வருகிறார், காலையில் பூஜை எடுத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நீயே உன்னைச் சமாதானம் செய்துகொண்டாய்.

நீ அறியாதது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். புதிதாக ஒன்றை ஆரம்பிக்கும் நாளில் பதினொரு மணிக்குப் பெட்டியைத் திறப்பதாவது என்று, புதன்கிழமை ஆபீஸிலிருந்து வரும்போதே பல்லாவரத்தில் இறங்கி, ஒன்பதே காலுக்கு வரச் சொல்லிவிட்டேன். அதுதான் நல்ல நேரம். பாயும் சந்தை நாள், சீக்கிரம் கடைக்குத் திரும்பலாம் என்று ஒப்புக்கொண்டார். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல நேரம் பார்ப்பது பெரியவர்கள் வேலை, அதில் உனக்கென்ன என்று நினைத்தேன். காலையில் பூஜையை எடுத்ததும் நீ ஃபிளாப்பியோடு வந்து நின்றாய். "மொதல்ல கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வா. அப்புறம் பெட்டிய தொடு," என்று அனுப்பினேன். விஜயதசமி, பிள்ளைகளுக்கு எழுத்து ஆரம்பிக்கிற நாள், கோயிலில் தெருமுனை வரை வரிசை. உனக்குத் திரும்ப இரண்டு மணி நேரம் ஆனது.

பாய் சொன்ன நேரத்துக்கு வந்தார். அம்மா பின்கட்டில் வேலையாக இருந்தாள். திருகுகளைக் கழற்றினார். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்து பார்த்து, "சார், இதுல கீறதெல்லாம் காப்பி எடுத்துட்டீங்களா? பையன் வந்து பாத்துட்டா தேவல," என்றார். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எல்லாம் எடுத்தாச்சு பாய், நீங்க மாத்துங்க," என்றேன். இதுதான் நடந்தது. அவர் கேட்டார், நான் சொன்னேன்.

நீ தேங்காய் மூடியோடு உள்ளே வந்தபோது பாய் கிளம்பிப் போயிருந்தார். நான் வாசலிலேயே நின்று, "வா வா, வந்து பாரு, எப்படிப் பறக்குதுன்னு," என்றேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? பிள்ளைக்கு முதல் முறையாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று இருந்தது. நீ உட்கார்ந்து இரண்டு சொல் தட்டினாய். மறுபடி தட்டினாய். பிறகு பெட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய். "பழைய டிஸ்க் எங்கப்பா?" என்று நீ கேட்ட குரலிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு: "பையன் வரட்டும்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்டா. அந்தாளு சீக்கிரமாவே வந்து நின்னுட்டான், கேக்கவே இல்ல, அவசரமா மாத்திட்டுப் போயிட்டான்."

நீ சட்டையைக்கூட மாற்றாமல் பல்லாவரத்துக்குக் கிளம்பினாய். நான் தடுத்து, "நீ கோவத்துல ஏதாவது பேசிடுவ. நானே போய் வாங்கிட்டு வரேன்," என்று புறப்பட்டேன். நீ போனால் பாய் உண்மையைச் சொல்லிவிடுவார் என்பதுதான் காரணம். தாம்பரம் ஸ்டேஷன் வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மின்சார ரயிலை விட்டேன். டிஸ்க்கை வாங்கி வந்தால் அதை மாட்டுவதற்குப் பாயும் வர வேண்டும். வந்தால் உன் எதிரில், "சார்தானே எல்லாம் எடுத்தாச்சுன்னாரு," என்பார். அப்புறம் நான் எந்த முகத்தோடு உன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது? இன்னொன்றும் யோசித்தேன். முப்பது வருஷம் ஃபைல் கட்டியவன் நான். ஆபீஸில் எத்தனையோ ஃபைல் காணாமல் போய், நகல்களை வைத்து மறுபடி எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஒரு தடவை எழுதியவன் இன்னொரு தடவை எழுத மாட்டானா, ஒரு மாதம் கூடுதலாக உட்கார்ந்தால் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து, "அழிச்சு வேற மெஷின்ல மாட்டி வித்துட்டானாம்டா," என்றேன்.

அதோடும் நான் நிறுத்தவில்லை. நீ சண்டைக்குப் போகிறேன் என்று துடித்தபோது, "போனது போயிடுச்சு, ஏழைத் தொழிலாளி, விட்டுடு, அவன் கடைப்பக்கமே போகாதே," என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நீ என் பேச்சைத் தட்டாதவன். போகவில்லை.

அதற்குப் பிறகு நீ பட்டதை நான் எழுதி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. கோடு போட்ட நோட்டில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாய். எழுதுவாய், அடிப்பாய், தாளைக் கிழிப்பாய். புது மெஷின் அவ்வளவு வேகமாக இருந்தது, ஆனால் அதில் போட ஒன்றும் இல்லை. தை மாதம் வந்தது. தேவராஜ் நல்ல மனிதர், இரண்டு தடவை வந்து கேட்டார். மூன்றாம் தடவை வரவில்லை. யாரோ விற்ற வேறு சாஃப்ட்வேரை வாங்கிக்கொண்டார். சித்திரையில் நீ அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டாய். நான் அதை எடுத்து ஒளித்து வைத்தேன், இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ படப்பையில் ஒரு கிடங்கில் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்தாய். நாலு வருஷம் கழித்து அதே வேலைக்கு ஷார்ஜா போயிருக்கிறாய். அட்டைப் பெட்டிகளை எண்ணுகிற வேலை. ரயில் பல்லாவரத்தில் நிற்கும் அரை நிமிஷமும் நான் பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வேன். நாலாம் நாளே டிஸ்க்கை விற்றிருப்பார், இனிமேல் உண்மையைச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி அதை நம்பியும் விட்டேன். இப்படித்தான் ஒருவன் தூங்குகிறான், முரளி.

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, அந்த கம்ப்யூட்டர் விஷயத்துல உங்க மேலயும் எனக்கு உள்ளுக்குள்ள கோபம் இருந்துச்சு. பூஜை அன்னிக்கு விட்டிருந்தா இப்படி ஆயிருக்காதேன்னு. இப்ப இல்லப்பா. அந்தாளு பண்ணதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று சொல்லிவிட்டுக் காலைத் தொட்டாய். நான் உன் தலையில் கை வைத்தேன். நீ மன்னித்தது நான் செய்ததை இல்லை. நான் உனக்குச் சொன்ன கதையைத்தான் நீ மன்னித்தாய். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை போன ஏக்கம் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் இறங்கினேன். பெட்டி மறுபடியும் பழசாகிவிட்டது, ஏதாவது மாற்றி ஓட வைக்க முடியுமா என்று கேட்பது போல கடைக்குள் போனேன். பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "அது இனிமே தேறாது சார். பார்ட்ஸே வர்றதில்ல," என்றார். சும்மா கேட்பது போல, "அந்தப் பழைய டிஸ்க்க என்ன பண்ணீங்க பாய்?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற சார்? வந்த அன்னிக்கே ஒரு தபா மாட்டிப் பாத்தேன். இன்னா அழகு சார் அது! தமிழ் எழுத்தா நிக்குது. பையன் பேரு வேற போட்டுகீது. அழிக்க மனசு வர்ல. காப்பி எடுத்துட்டோம்னு நீ சொன்னே, இருந்தாலும் பையன் ஒருநாள் தேடிகினு வருவான்னு எட்டு மாசம் அலமாரில வெச்சிருந்தேன். மார்கழில தாம்பரம் ஸ்டேஷன் பிரிட்ஜு மேல அவன பாத்தேன் சார். 'தம்பி, உன் டிஸ்க் நம்ம கைல கீது'ன்னு சொல்லலாம்னு கைய தூக்கிகினு கிட்ட போனேன். அவன் என்னைப் பாத்துட்டு மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினு விறுவிறுன்னு போய்ட்டான். சரி, நம்ம சகவாசம் வேணாம் போலன்னு வுட்டேன். ஆனி மாசம்தான் சார் அத்த அழிச்சேன்."

எட்டு மாதம். மார்கழி, தை, மாசி. நீ நோட்டில் கிழித்துக் கிழித்து எழுதிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அது மூன்று ஸ்டேஷன் தள்ளி ஒரு அலமாரியில் இருந்தது. நீ நோட்டைத் தூக்கிப் போட்ட அன்றும் இருந்தது. அதைக் கொடுக்க வந்தவரைப் பார்த்துத்தான் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் சொன்னதை நம்பியதால் திருப்பிக்கொண்டாய்.

பிறகு பாய் என்னிடம், "ஏன் சார், பையன் அப்டி போனான்? நான் எதுனா தப்பு பண்ட்டனா? மனசுல அது ஒண்ணு கீது," என்று கேட்டார். கடையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நீ கடல் தாண்டிப் போய்விட்டாய், எனக்கு ரிட்டையர்மென்ட் ஆகிவிட்டது, இனி இழப்பதற்கு என்னிடம் ஒரு மதிப்பும் மிச்சமில்லை. அப்போதும் நான் சொன்னது என்ன தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். அவன் சுபாவமே அப்படித்தான், யாரையும் மதிக்க மாட்டான்," என்றேன்.

உன்னைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டு அவர் வாங்கித் தந்த டீயையும் குடித்தேன். நேரில் வாய் திறந்தால் எனக்குப் பொய்தான் வருகிறது, முரளி. அதனால்தான் போனில் பேசாமல் இதை எழுதுகிறேன்.

அப்பா